ஃபயர்பாலைக் கண்டுபிடித்தவன் யார்? மந்திரங்களுக்குப் பின்கதை எழுதுவது பற்றி

காகிதக்கோட்டை

வணக்கம் நண்பர்களே. எட்டு மாதமாக வீட்டில் ஐந்தாம் பதிப்பு டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டி மேஜையில் கதையாக ஆடும் விளையாட்டு) நடத்திக்கொண்டிருக்கிறேன். நான்தான் டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன். நான்கு பிளேயர்கள், சனிக்கிழமை ராத்திரி, உலகம் முழுக்க என் சொந்தச் சரக்கு. மந்திரங்கள் மட்டும் வானத்திலிருந்து விழுந்தவை போல இருக்கின்றனவே என்று உறுத்தியது. அதனால் நாற்பது மந்திரங்களுக்குப் பின்கதை எழுதினேன். யார் கண்டுபிடித்தது, எந்தப் போரில், யார் யாரிடமிருந்து திருடியது, எல்லாம் இருக்கும். தீயுருண்டையை எறிந்து வெடிக்க வைக்கும் ஃபயர்பால் மந்திரத்துக்கு மட்டும் மூன்று பக்கம்.

போன வாரம் எங்கள் விசார்டு, அதாவது மந்திரவாதியாக ஆடுகிறவன், லெவல் 5 தொட்டான். அந்த மூன்று பக்கத்தை அச்சடித்து, டீத்தண்ணீரில் நனைத்து, ஓரத்தைத் தீயில் கருக்கி, பழைய ஏடு மாதிரி ஆக்கி அவன் கையில் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டான்: "சரி, 8டி6 தானே?" எட்டு ஆறுமுகப் பகடை சேதம், அவ்வளவுதானே என்று அர்த்தம்.

இன்னொரு தலைவலியும் உண்டு. ஃபயர்பாலுக்கு ஆறு மாற்று வடிவங்கள் செய்துவைத்தேன். பனி, அமிலம், இடி என்று போகும். ஐந்தே நிமிடத்தில் கணக்குப் போட்டு "இதுதான் லாபம்" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். மற்ற ஐந்தும் குப்பை. நீங்களெல்லாம் இதை எப்படிச் செய்கிறீர்கள்?

சோம்பேறி டி.எம்.

டீத்தண்ணீரா! உங்கள் உழைப்புக்கு ஒரு கும்பிடு. நான் பதினைந்து வருடமாக நடத்துகிறேன், இதுவரை ஒரு பக்கம்கூட எழுதியதில்லை.

ஒன்று சொல்கிறேன். டி அண்ட் டி விதிப்புத்தகத்தில் இருக்கும் பல மந்திரங்களுக்கு ஏற்கெனவே பின்கதை உண்டு, எல்லாம் பெயரிலேயே இருக்கிறது. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் வீட்டு மேஜையில் யார் யார் உட்கார்ந்து ஆடினார்கள் என்ற பட்டியல்தான் அது. டென்சரின் மிதக்கும் தட்டு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அந்த டென்சர் அவருடைய மகன் எர்னியின் கேரக்டர். எர்னஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் டென்சர் வரும். மெல்ஃபின் அமில அம்பு இன்னொரு மகன் லூக்கினுடையது. கேரக்டர் தாளில் 'ஆண் எல்ஃப்' என்பதைச் சுருக்கி எம் எல்ஃப் என்று எழுதியிருந்தது, அதுவே பெயராகிவிட்டது. டிராமிஜ் என்பதை ஆங்கிலத்தில் திருப்பிப் படித்தால் ஜிம் வார்ட். ரேரி கதை இன்னும் மோசம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பட்டம் உண்டு, மேஜிக் யூசர் என்ற மந்திரவாதியின் ஒரு பட்டம் 'மீடியம்'. பிரையன் புளூம் அந்த லெவலைத் தொட்டு 'மீடியம் ரேரி' ஆக வேண்டும் என்பதற்காகவே, அதாவது 'மீடியம் ரேர்' என்ற அரைவேக்காட்டு மாட்டிறைச்சி போல, அந்தப் பெயரை வைத்தாராம்.

இதில் எதற்கும் மூன்று பக்கம் இல்லை. கிட்டத்தட்ட ஐம்பது வருடமாக ஜனங்கள் அந்தப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

சந்தேகப்பிராணி

பெயர்க்காரணம் வேறு, பின்கதை வேறு அண்ணா. டென்சர் யாருடைய மகன் என்று தெரிந்து என் பிளேயருக்கு என்ன ஆகப் போகிறது? அது நமக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். ஆட்டத்துக்குள்ளே அதற்கு வேலையே இல்லை.

ஸ்கார்பரோ சூனியக்காரி

வேலை இருக்கிறது தம்பி. பிக்பியை எடுத்துப் பாருங்கள். அவன் முதலில் கைகாக்ஸோடு ஆடிய ராப் குன்ட்ஸ் நடத்திய டன்ஜனில், அதாவது பாதாள அறைகளில் நடக்கும் ஆட்டத்தில், வந்த ஒரு சில்லறை வில்லன், கெட்ட மந்திரவாதி. கைகாக்ஸின் கேரக்டர் மோர்டன்கைனன் அவனை வசியம் செய்து தன் ஆளாக்கினான். வசியம் போன பிறகும் பிக்பி கூடவே இருந்து, கடைசியில் பெரிய மந்திரவாதியாகி, அந்தப் பிரம்மாண்டமான கை மந்திரங்களுக்குப் பெயர் கொடுத்தான். கைதியாகக் கொண்டுவரப்பட்டவன் பிடிக்கவும் தள்ளவும் நசுக்கவும் கைகளைச் செய்திருக்கிறான் பாருங்கோ! இதை என் மேஜையில் சொன்னேன். எங்கள் விசார்டு உடனே, "அப்படியென்றால் பிடிக்கிற கைதான் முதலில் செய்திருப்பான்" என்றாள். நான் ஒன்றும் எழுதவில்லை, அவளே சேர்த்துக்கொண்டாள்.

மாற்று வடிவத்துக்கும் இதே நல்ல உதாரணம். முதல் பதிப்பில் பிக்பியின் கை ஐந்து தனி மந்திரங்கள். ஐந்தாம் லெவலில் குறுக்கே நிற்கும் கை, பிறகு தள்ளும் கை, பிடிக்கும் கை, குத்தும் முஷ்டி, ஒன்பதாம் லெவலில் நசுக்கும் கை. இப்போது எல்லாம் ஒரே ஐந்தாம் லெவல் மந்திரத்துக்குள் அடங்கிவிட்டன. என் உலகத்தில் அந்தப் பழைய ஐந்தும் ஐந்து ஏடுகளாகத் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தால்தான் அந்தக் கைக்கு அந்தச் செயல் வரும். நான்கு மாதம் ஓடியது அந்தக் கேம்பெய்ன், அதாவது தொடர் ஆட்டம்.

டாஷாவையும் சொல்ல வேண்டும். எதிரியைத் தரையில் உருண்டு சிரிக்க வைக்கும் மந்திரம். அந்தப் பெயர் கைகாக்ஸுக்கு ஒரு சிறுமி கிரேயானில் எழுதி அனுப்பிய கடிதத்தால் வந்தது. வெறும் பெயர், பின்னால் ஒரு ஆளும் இல்லை. பின்னாளில் மற்றவர்கள், டாஷாதான் இக்வில்வ் என்ற பயங்கரச் சூனியக்காரியின் இளவயதுப் பெயர் என்று கட்டிவிட்டார்கள். 2020-இல் அவள் பெயரில் ஒரு புத்தகமே வந்துவிட்டது. முதலில் பெயர், பிறகு ஒரு காலி இடம், அதை நிரப்பப் பல வருடம். நீங்கள் அந்தக் காலி இடத்தை முதல் நாளே அடைத்துவிடுகிறீர்கள். பிறகு பிளேயருக்கு என்ன மிச்சம்?

காகிதக்கோட்டை

அக்கா, கடைசி வரி கொஞ்சம் சுட்டுவிட்டது. ஆனால் உண்மைதான். என் ஏட்டில் கேள்வியே இல்லை, எல்லாம் பதில்கள்.

வாயுபகவான்

நான் ஆட்டத்தைத் தமிழில் நடத்துகிறவன். எங்கள் ஊரில் ஆங்கிலம் அவ்வளவாகப் பழகாத பையன்களும் வருவார்கள். மந்திரத்துக்குத் தேவையான பொருள்களின் பட்டியல் இருக்கிறதே, அதுதான் பின்கதையின் சுரங்கம். ஆனால் பாதி ஆங்கிலச் சிலேடை.

எண்ணங்களைப் படிக்கும் மந்திரத்துக்கு ஒரு செப்புக் காசு வேண்டும். ஒரு பையன், "ஏன் சார் காசு? லஞ்சமா?" என்று கேட்டான். 'உன் எண்ணத்துக்கு ஒரு பென்னி' என்று ஆங்கிலத்தில் ஒரு வழக்கு உண்டு, அதை வைத்து அடித்த ஜோக் என்று விளக்கினேன். ஒருவனும் சிரிக்கவில்லை. ஆனால் லஞ்சம் என்பது பிடித்துப்போய்விட்டது. எங்கள் மேஜையில் இப்போது அந்த மந்திரம், எதிராளியின் மனக்கதவில் நிற்கும் காவல்காரனுக்குக் காசு கொடுப்பது. கஞ்சனின் மனதுக்கு ஒரு காசு போதும், மந்திரியின் மனதுக்குள் போக வெள்ளிக்காசு கேட்கும்.

சிலது தமிழிலும் நேராக வேலை செய்யும். பலமான காற்றை வரவழைக்கும் மந்திரத்துக்கு ஒரு பயறு வேண்டும். இதற்கு விளக்கமே தேவைப்படவில்லை, மேஜை முழுக்கச் சிரிப்பு. என் பெயர்க்காரணமும் அதுதான்.

சுவரில் வழி திறக்கும் மந்திரத்துக்குக் கொஞ்சம் எள். ஏன் எள் என்று நானே பல வருடம் யோசித்தேன். "திறந்திடு சீசேம்" என்று சின்ன வயதிலிருந்து கத்திக்கொண்டு திரிகிறோம். அந்த சீசேம் எள்தான் என்று உறைக்க எனக்கு முப்பது வயதாயிற்று.

எட்டாறு

ஃபயர்பாலுக்கு வௌவால் எச்சமும் கந்தகமும். எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுக்கலாம், கந்தகமும் சேர்ந்தால் வெடிமருந்துக்குப் பாதி சரக்கு வந்துவிட்டது, கரிதான் பாக்கி. மின்னலுக்குக் கொஞ்சம் ரோமமும் ஆம்பர் அல்லது கண்ணாடிக் குச்சியும். ரோமத்தால் தேய்த்தால் நிலைமின்சாரம், எட்டாம் வகுப்புப் பாடம். ஜோக் என்றாலும் அதற்குள் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. எவனோ ஒருவன் உட்கார்ந்து பரிசோதனை செய்திருக்கிறான் என்ற வாசனை வரும்.

சரி, தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டி அண்ட் டி 1974-இல் வந்தது. அதற்கு முன் 1971-இல் கைகாக்ஸும் ஜெஃப் பெரெனும் எழுதிய செயின்மெயில் என்ற போர் விளையாட்டு விதிகள். அதன் ஃபேன்டசி பகுதியில் மந்திரவாதி ஃபயர்பாலும் எறிவான், மின்னலும் எறிவான். ஃபயர்பாலுக்குப் பெரிய கல்லெறி பொறியின் அளவு, மின்னலுக்குப் பீரங்கியின் அளவு. அதாவது மந்திரவாதி என்பவன் தாடி வைத்த பீரங்கிப் படை. ஃபயர்பால் பெரிய வட்டமாக விழுவதற்கும் மின்னல் நேர்கோட்டில் போவதற்கும் காரணம் மாயமே இல்லை, கவணும் பீரங்கியும்தான். நீங்கள் மூன்று பக்கம் எழுதுவதற்குப் பதிலாக "இது முதலில் ஒரு முற்றுகை ஆயுதம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். முற்றுகைக்கான மந்திரத்தை நகரச் சாவடியில் காட்ட முடியுமா? காவலர் விடுவார்களா? அங்கேயே ஆட்டம் ஆரம்பித்துவிடும்.

சந்தேகப்பிராணி

இது பரவாயில்லை. நான் கேட்டது இப்படிப்பட்டதைத்தான். பின்கதையால் பிளேயரின் முடிவு ஒன்றாவது மாற வேண்டும். மாறவில்லை என்றால் அது சுவரில் மாட்டிய படம்.

மகாபாரதத்தில் கர்ணனைப் பாருங்கள். பொய் சொல்லிப் பரசுராமரிடம் கற்றான், அதனால் மிக அவசரமான நேரத்தில் அஸ்திர மந்திரம் மறந்துபோகும் என்று சாபம். கற்ற கதையே விதியாகிவிட்டது. அந்த மந்திரத்தைக் கதையிலிருந்து பிரிக்கவே முடியாது.

சோம்பேறி டி.எம்.

மறதி என்றதும் எழுத்தாளர் ஜாக் வான்ஸ் ஞாபகம் வருகிறார். 1950-இல் வந்த அவருடைய 'த டையிங் எர்த்' கதைகளில் மந்திரவாதிகள் சில மந்திரங்களைத்தான் ஒரே நேரத்தில் மூளைக்குள் ஏற்றிக்கொள்ள முடியும், உச்சரித்ததும் அழிந்துபோகும். இத்தனை மந்திரம்தான் போடலாம் என்று கணக்கு வைக்கும் டி அண்ட் டி-யின் ஸ்லாட் முறைக்கு அதுதான் மூலம். வெக்னா என்ற வில்லனின் பெயர்கூட வான்ஸின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுதான். இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டு என் ஆட்டத்தில் ஒன்றும் செய்ததில்லை என்பது வேறு விஷயம்.

ஸ்கார்பரோ சூனியக்காரி

பெயரின் பலம் தெரிய வேண்டும் என்றால் பெயர் இல்லாத புத்தகத்தைப் பாருங்கோ. 2000-க்குப் பிறகு இலவசமாகத் திறந்துவிட்ட விதித்தொகுப்பில் இந்த ஆட்களின் பெயர்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள். மெல்ஃபின் அமில அம்பு வெறும் 'ஆசிட் ஆரோ'. பிக்பியின் கை 'ஆர்கேன் ஹேண்ட்'. அதே விதி, அதே பகடை, ஆனால் மருந்துக்கடைச் சீட்டு மாதிரி இருக்கும். டி அண்ட் டி-யிலிருந்து கிளைத்த பாத்ஃபைண்டர் விளையாட்டுக்காரர்களும் 2023-இல் அந்த விதித்தொகுப்பின் பழைய உரிமத்திலிருந்து விலகியபோது மேஜிக் மிசைல் என்ற பழைய மந்திரத்தின் பெயரையே 'ஃபோர்ஸ் பராஜ்' என்று மாற்றினார்கள். என் மகன் இன்னும் மேஜிக் மிசைல் என்றுதான் கத்துகிறான்.

காகிதக்கோட்டை

எல்லாம் சரி, மாற்று வடிவங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டாஷா புத்தகத்தில் மந்திரத்தின் தோற்றத்தை மாற்றிக்கொள்ளலாம், விளைவை மாற்றக் கூடாது என்றுதான் இருக்கிறது. அதைச் செய்து பார்த்தேன். விசார்டின் மேஜிக் மிசைல் மூன்று நீலக் குருவிகளாகப் பறந்தது. முதல் வாரம் கைதட்டல். மூன்றாவது வாரம் மறுபடி "மூன்று மிசைல், உருட்டு".

சந்தேகப்பிராணி

குருவியை நீங்கள் கொடுத்தீர்களா, அவன் கேட்டானா?

காகிதக்கோட்டை

நான்தான் கொடுத்தேன்.

சந்தேகப்பிராணி

அவ்வளவுதான்.

எட்டாறு

வெறும் தோற்றம் நிற்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேத வகையை மாற்றுவதும் ஆபத்து. நெருப்பைத் தாங்கும் மிருகங்கள் ஏராளம். ஃபயர்பாலின் 8டி6 அவ்வளவு தாராளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறோம் என்றால் அதற்கு இது ஒரு காரணம். அதையே ஃபோர்ஸ், அதாவது வெறும் மந்திர விசையின் சேதமாக மாற்றினால் தடுக்க அநேகமாக ஆளே இருக்காது. உங்கள் பிளேயர்கள் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தது இதைத்தான். சார்சரர் என்ற வேறு வகை மந்திரவாதிக்கு இப்படி மாற்ற மெட்டாமேஜிக் என்ற உத்தி ஒன்று உண்டு. நெருப்பு, பனி, அமிலம், மின்னல், இடி, விஷம், இந்த ஆறுக்குள்தான் மாற்றலாம், அதற்கும் ஒரு பாயிண்ட் செலவு. ஓசிக்குக் கொடுக்கவில்லை.

என் வழி வேறு. பழைய பதிப்புகளையே மாற்று வடிவங்களாக எடுத்துக்கொள்வேன். அந்த உலகத்தில் ஒவ்வொரு பதிப்பும் ஒரு குருகுலம். வேகமூட்டும் மந்திரமான ஹேஸ்டை இப்போதைய விதிப்படி போட்டால், முடிந்ததும் ஒரு டர்ன் அப்படியே சோர்ந்து நிற்க வேண்டும். அட்வான்ஸ்ட் டி அண்ட் டி என்ற பழைய வடிவத்தின் இரண்டு பதிப்புகளிலும் ஹேஸ்ட் வாங்கியவருக்கு ஒரு வயது கூடிவிடும். நூற்றுக்கணக்கான வருடம் வாழும் எல்ஃபுக்கு அது கொசுக்கடி. மனிதனுக்கு? பழைய மின்னல் சுவரில் பட்டால் திரும்பி வரும். மேஜிக் மிசைல் நான்காம் பதிப்பு வந்தபோது குறி பார்த்து அடிக்க வேண்டியிருந்தது, பிறகு அதைத் திருத்தித் தவறாமல் படும்படி ஆக்கினார்கள். இதெல்லாம் நிஜமாகவே ஆட்கள் ஆடிப் பார்த்த விதிகள், நாமாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம்.

எனக்குப் பிடித்தது பழைய ஃபயர்பால். இப்போது 20 அடி ஆரம், அத்தோடு நின்றுவிடும். அந்தக் காலத்தில் அது கன அளவு. சுமார் 33,000 கன அடியை நிரப்பியே தீரும். திறந்த வெளியில் அதே 20 அடி உருண்டைதான், கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள சுரங்கப்பாதையில்? 330 அடி நீளத்துக்கு நெருப்பு ஓடும்.

வாயுபகவான்

முந்நூற்று முப்பதா! எங்கள் தெருவே அவ்வளவு நீளம் இல்லை.

ஓரக்கண்

ரொம்ப நாளாக இங்கே வாசகன் மட்டும்தான், முதல் பதிவு. டன்ஜன் கிரால் கிளாசிக்ஸ் என்ற இன்னொரு விளையாட்டை யாரும் ஆடுவதில்லையா? அதில் ஒரு மந்திரத்தைக் கற்கும்போதே நூற்றுப் பகடை உருட்ட வேண்டும், உங்கள் அதிர்ஷ்ட மதிப்பும் அதில் சேரும். வரும் எண்ணைப் பொறுத்து அந்த மந்திரம் உங்கள் கையில் மட்டும் வேறுவிதமாக வேலை செய்யும். நல்லதாகவும் இருக்கலாம், கேடாகவும் இருக்கலாம். அடுத்தவன் அதே மந்திரத்தைக் கற்றால் அவனுக்கு வேறு. மந்திரம் போடும்போதும் டி20, அதாவது இருபது முகப் பகடை, உருட்டித்தான் எவ்வளவு பலம் என்று தெரியும். 1 விழுந்தால் உடம்பே கோணலாகிப் போகும் வாய்ப்பு உண்டு. பகடைதான் அங்கே பின்கதை எழுதுகிறது. எங்கள் குழுவில் ஒருத்தி தன் மந்திரத்தை எப்போது போட்டாலும் முதலில் மன்னிப்பு கேட்டுவிட்டுத்தான் போடுவாள், அப்படி ஒரு பக்கவிளைவு விழுந்திருக்கிறது.

முன்பே பட்டியல் போட்டு "எடுத்துக்கொள்" என்றால் கணக்குத்தான் போடுவார்கள். விழுந்ததை வைத்து வாழ வேண்டும் என்றால் கதை சொல்வார்கள்.

சோம்பேறி டி.எம்.

முதல் பதிவே இப்படியா? வாங்க வாங்க.

காகிதக்கோட்டை

நேற்று செஷன் முடிந்தது. சொல்லியே ஆக வேண்டும்.

எட்டாறு சொன்ன பழைய ஃபயர்பாலை எடுத்தேன். ஆறு மாற்று வடிவங்களையும் தூக்கிப் போட்டுவிட்டேன், ஒன்றே ஒன்றுதான். பாழடைந்த சுரங்கத்தில் ஒரு மேஸ்திரியின் எலும்புக்கூடு, இடுப்பில் ஈயத்தகடு. அதில் ஃபயர்பால் செதுக்கியிருக்கிறது, ஆனால் ஒரு சுழி மட்டும் அவர்கள் அறிந்த ஃபயர்பாலைவிட வேறு மாதிரி. கீழே ஒரே வரி: "கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போடவும்." வேறு ஒன்றும் எழுதவில்லை. என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள், "போட்டால் தெரியும்" என்றேன்.

இரண்டு மணி நேரம் கழித்து 10 அடிப் பாதையில் கோப்ளின் கூட்டம். விசார்டு 100 அடி தள்ளி நின்று புதுசைப் போட்டான். கோப்ளின்களுக்கு 60 அடி பின்னால் கல் கதவு, மூடியிருக்கிறது. அந்தப் பக்கம் 60 அடி நிரம்பியது, மிச்சம் 270 அடி இவர்கள் பக்கம் வந்தது. நான் வரைபடத்தில் கட்டம் கட்டமாகச் சிவப்புப் பென்சிலால் தீட்டிக்கொண்டே வந்தேன். ஒருவரும் பேசவில்லை. பென்சில் அவர்கள் மினியேச்சர்களைத் தாண்டிப் போனதும்தான் "ஐயோ" என்று ஒரு சத்தம்.

சேத உருட்டலில் 31. பாடகனாக ஆடும் பார்டுக்கு இருந்ததே 24 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க்கணக்கு; தப்பிக்க உருட்டும் சேவும் தவறியது, விழுந்தான். விசார்டு சேவ் செய்து பாதியாக 15 வாங்கி 7 ஹிட் பாயிண்டில் தப்பினான். குணப்படுத்தும் கிளெரிக் ஓடிப்போய் பார்டைத் தூக்கினாள். கோப்ளின்கள் எல்லாம் காலி, அதையும் சொல்ல வேண்டும்.

எட்டாறு

கண்ணில் தண்ணீர் வருகிறது. அந்தப் பழைய விதி வந்த 1978-லிருந்து எத்தனை மேஜைகளில் இது நடந்திருக்கும்!

சந்தேகப்பிராணி

திட்டினார்களா?

காகிதக்கோட்டை

பார்டு திட்டினான், விசார்டைத்தான். அப்புறம் நடந்ததுதான் முக்கியம். விசார்டு அந்த ஈயத்தகட்டை மறுபடி படித்தான். "இவன் எதிரியைக் கொல்ல இதைச் செய்யவில்லை. கதவைத் திறந்து வை என்கிறான். சுரங்கத்தில் விஷக்காற்று நிரம்பினால் எரித்து வெளியேற்றச் செய்திருக்கிறான். அன்றைக்கு யாரோ கதவை மூடிவிட்டார்கள்" என்றான். நான் அப்படி யோசித்து வைக்கவே இல்லை. நான் யோசித்தது ஏதோ எட்டுக்காலிப் படையெடுப்பு. வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன். திருடனாக ஆடும் ரோக் உடனே, "மூடினவன் யார்?" என்று கேட்டான். அடுத்த வாரம் அந்தச் சுரங்க முதலாளியின் வாரிசுகளைத் தேடிப் போகிறார்களாம். டிராகன் வேட்டை தள்ளிவைப்பு.

ஸ்கார்பரோ சூனியக்காரி

ஓம், அதுதான். எட்டுக்காலியை மட்டும் யாருக்கும் சொல்லிப்போடாதீர்கள் தம்பி.

காகிதக்கோட்டை

சொல்லவில்லை அக்கா. ஆனால் வீட்டுக்குப் போகும்போது விசார்டு வாசலில் நின்று கேட்கிறான்: "அன்றைக்கு ஒரு மூன்று பக்கம் கொடுத்தாயே, டீக்கறையோடு, அது இன்னும் இருக்கிறதா?"

வாயுபகவான்

இருக்கிறதா?

காகிதக்கோட்டை

அதன் பின்பக்கத்தில்தான் இந்தச் சுரங்கத்தின் வரைபடத்தை வரைந்தேன். முழுக்கச் சிவப்புப் பென்சில்.